அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா?



பாட்டி, தாய், சித்தி என்று ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து மார்பகப் புற்றுநோயால் இறக்கும்போது, அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் மனத்தில் எழும் கேள்வி இது. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. 'எங்கள் குடும்பத்துக்கு ஏதோ சாபம்' என்று ஒதுங்கிப் போகிறவர்களே அதிகம். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, இவருடைய பெற்றோர் செய்த பாவமா என்று கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் இயேசு. ஆனால் நோயைப் பாவக் கணக்கில் எழுதும் பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை.

மருத்துவம் என்ன சொல்கிறது? மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. நோயுற்றவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே அது பெற்றோர் வழிவந்த மரபணு மாற்றத்தால் ஏற்படுகிறது. இத்தகைய மரபணு ஒன்று 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-ல் அமெரிக்க அறிவியலாளர் மேரி கிளேர் கிங் காட்டினார். 1994-ல் பி.ஆர்.சி.ஏ.1, 1995-ல் பி.ஆர்.சி.ஏ.2 ஆகிய மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. நம் உயிரணுக்களில் டி.என்.ஏ. பழுதடையும்போது அதைச் சீர்செய்ய உதவுவது இவற்றின் பணி. இவையே பழுதானால் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. இம்மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 70 விழுக்காடு. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது.

இம்மாற்றம் தாய்வழியில் மட்டும் வருவதன்று. தந்தை வழியாகவும் வரும். ஆணோ பெண்ணோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே 'உன் வீட்டிலிருந்து வந்த நோய்' என்று மருமகளைக் குறைசொல்வது அநீதி மட்டுமல்ல, அறியாமையும்கூட.

இந்த இடத்தில்தான் மரபணு ஆலோசனை உதவுகிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் இதற்கான சேவை உண்டு. ஆலோசகர் முதலில் இரு வழியிலும் மூன்று தலைமுறைக்கான குடும்ப மரத்தை வரைகிறார்: யாருக்கு, எந்தப் புற்றுநோய், எந்த வயதில்? தேவையென்றால் இரத்தமோ உமிழ்நீரோ எடுத்துச் சோதிக்கிறார்கள். கூடுமானால் நோய் கண்டவரையே முதலில் சோதிப்பது முறை. அவரிடம் மாற்றம் தெரிந்தால், உறவினரிடம் எதைத் தேடுவது என்று தெளிவாகும். சில வேளைகளில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்றும் முடிவு வரலாம். அதை வைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு விரையக் கூடாது.

மாற்றம் இருப்பது தெரிந்தால் அது மரணத் தீர்ப்பன்று. இளவயதிலிருந்தே எம்.ஆர்.ஐ., பின்னர் மேமோகிராம் என ஆண்டுதோறும் கண்காணிக்கலாம். சிலருக்கு மருந்துகள் உதவும். சிலர் மார்பகங்களையோ, குழந்தைப்பேறு முடிந்தபின் சினைப்பைகளையோ அகற்றிக்கொள்கிறார்கள். 'கடவுள் தந்த உறுப்பை எடுக்கலாமா?' என்று மனச்சான்று உறுத்துபவர்கள் உண்டு. முழு உடலின் நன்மைக்காக ஓர் உறுப்பை இழக்கலாம் என்பதைத் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1950-களிலேயே விளக்கியிருக்கிறார்.

ஆனாலும் நம் குடும்பங்கள் தயங்குகின்றன. காரணம், பிள்ளைகளின் திருமணம். 'வெளியே தெரிந்தால் வரன் வருமா?' என்ற பயத்தில் தாயின் நோயையே மறைத்துவிடுகிறோம். இந்தப் பயத்தை நாம் ஏளனம் செய்ய முடியாது. வரன் தட்டிப்போவதும் நடக்கிறது. ஆனால் அக்காளின் பரிசோதனை முடிவை மறைப்பதால் தங்கையின் மரபணு மாறிவிடாது. அவள் காலத்தோடு தன்னைக் காத்துக்கொள்ளும் வாய்ப்புத்தான் பறிபோகிறது. ஊரறியச் சொல்ல வேண்டியதில்லை. முடிவை இரகசியமாகக் காப்பது ஆலோசகரின் கடமை. உடன்பிறந்தாருக்குச் சொல்வதோ நம் கடமை.

அதேபோல் எவரையும் வற்புறுத்திச் சோதிக்கக் கூடாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு. சிறு பிள்ளைகளை இதற்கு உட்படுத்த வேண்டாம். வளர்ந்தபின் அவர்களே முடிவெடுக்கட்டும்.

இறந்தோர் நாளில் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது நம் முன்னோரின் பெயர்களைச் சொல்கிறோம். அவர்கள் எந்த நோயால், எந்த வயதில் இறந்தார்கள் என்பதையும் இவ்வாண்டு பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைப்போம். நம் பிள்ளைகளுக்கு நாம் தரும் நல்ல சொத்துக்களில் அதுவும் ஒன்றாக இருக்கும்.