கருப்பு வெள்ளைப் படச்சுருளில் தானியங்கி ஒளியளவு

தானியங்கி ஒளியளவு என்பது கேமராவில் உள்ள ஒளிமானி காட்சியின் வெளிச்சத்தை அளந்து, லென்சின் திறப்பையோ ஷட்டர் வேகத்தையோ இரண்டையுமோ தானாகத் தெரிவு செய்யும் முறையாகும். ஃபிளாஷ் இன்றி, இருக்கும் வெளிச்சத்தில் கருப்பு வெள்ளைப் படம் எடுக்கும்போது பெரும்பாலான காட்சிகளுக்கு இதை நம்பலாம். பின்வெளிச்சம், பரந்த வெண்பரப்பு, இருளில் விளக்கு ஆகிய மூன்று நிலைகளில் இது தவறக்கூடும்.

வரலாறு

1938-இல் வெளியான கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 இவ்வசதி கொண்ட முதல் கேமரா ஆகும். 1967-இல் வந்த ஒலிம்பஸ் டிரிப் 35, 1976-இல் வந்த கேனான் ஏஇ-1 ஆகியவை இதைப் பரவலாக்கின. காட்சியைப் பல பகுதிகளாகப் பிரித்து அளக்கும் முறையை 1983-இல் நிக்கான் எஃப்ஏ அறிமுகப்படுத்தியது.

செயற்படும் முறை

ஒளிமானிக்கு எதிரில் இருப்பது வேட்டியா, மணலா, முகமா என்பது தெரியாது. காட்சியின் சராசரி, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 விழுக்காட்டைத் திருப்பும் நடுச்சாம்பல் நிறம் என்று கொண்டே கணக்கிடுகிறது. ஆகவே வெண்மை மிகுந்த காட்சிக்குக் குறைந்த ஒளியும், கருமை மிகுந்த காட்சிக்குக் கூடுதல் ஒளியும் கிடைக்கின்றன.

படச்சுருளின் தாங்குதிறன்

ஒளியளவு இருமடங்காவதை ஒரு ஸ்டாப் என்பர். கருப்பு வெள்ளை நெகட்டிவ், இரண்டு ஸ்டாப் வரை ஒளி கூடினாலும் பெரும்பாலும் நல்ல அச்சைத் தரும். குறைந்தால் அவ்வாறு இல்லை. நிழற்பகுதியில் பதியாத விவரத்தை எவ்வளவு நேரம் டெவலப் செய்தாலும் மீட்க முடியாது. எனவே ஐயம் எழும்போது ஒளியைக் கூட்டுவதே பாதுகாப்பானது.

காரைக்காலில்

காரைக்காலுக்குக் கிழக்கே வங்கக்கடல் உள்ளது. காலையில் கடலை நோக்கிப் படகுகளைப் படமெடுத்தால் சூரியன் எதிரில் நிற்கும். மீனவர் முகம் கருத்துவிடும். மாலையில் வெயில் முதுகுப்புறம் இருப்பதால் அதே இடத்தில் தானியங்கி அளவு பெரும்பாலும் சரியாக அமையும். ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகள் வீசப்படும். தெருவிலிருந்து அண்ணாந்து எடுக்கும்போது பின்னால் உள்ள வெளிர்வானம் ஒளிமானியை ஏமாற்றுகிறது. நெருங்கி எடுத்தால் வெண்ணிற வேட்டி சட்டைகளும் அதையே செய்யும்.

திருத்தும் வழிகள்

• முகத்தருகே சென்று அளந்து, அந்த அளவைப் பூட்டிவிட்டுப் பின்வந்து எடுக்கலாம். மாநிறமும் கருநிறமும் நடுச்சாம்பலைவிடச் சற்று இருண்டவையாதலால் ஒளி சிறிது கூடும். படச்சுருள் அதைத் தாங்கும்.
• ஈடுசெய் திருகு இருந்தால் பின்வெளிச்சத்துக்கு 1 முதல் 2 ஸ்டாப் கூட்டலாம்.
• அது இல்லாத கேமராவில் ஐஎஸ்ஓ 400 படச்சுருளுக்கு எண்ணை 200 அல்லது 100 என மாற்றி எடுக்கலாம். எடுத்தபின் மறவாமல் 400-க்குத் திருப்ப வேண்டும்.

இரவு வெளிச்சம்

விளக்கொளியில் முகம் மட்டும் ஒளிர்ந்து சுற்றிலும் இருள் சூழ்ந்திருந்தால், ஒளிமானி இருளைச் சாம்பலாக்க முயன்று ஷட்டரை நெடுநேரம் திறக்கும். முகம் வெளுத்து, அசைவால் கலங்கும். இங்கு 1 அல்லது 2 ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒளி போதாதபோது டிரிப் 35-இன் வியூஃபைண்டரில் சிவப்புத் தகடு எழும்பி, ஷட்டர் இயங்காமல் தடுக்கப்படும். ஒரு விநாடிக்கு மேற்பட்ட நேரங்களில் படச்சுருளின் உணர்திறன் குறைவதால், கேமரா காட்டும் நேரத்தைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும்.