பனிச்சரிவு: பார்க்க அழகு, அருகில் ஆபத்து

தெப்ராவில் பனி பெய்வதில்லை. ஜொகூரிலேயே ஆக உயரமான குனோங் லேடாங்கும் 1,276 மீட்டர்தான். பனிமலை என்றாலே இங்குள்ள பலருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த காட்சிதான் நினைவுக்கு வரும். ஆனால், நேப்பாளத்திற்கும் சுவிட்சர்லாந்திற்கும் சுற்றுலா செல்வோர் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். மலையிலிருந்து வெண்புகை போலப் பனி இறங்கி வருவதைக் கண்டால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். கை தானாகக் கேமராவைத் தேடும். ஓடி ஒதுங்க வேண்டிய நேரமும் அதுதான்.

பனி ஏன் சரிகிறது? ஒவ்வொரு முறை பெய்யும்போதும் மலையில் ஓர் அடுக்கு சேர்கிறது. அடியில் உள்ள அடுக்கு சர்க்கரையைப்போல் ஒட்டாமல் உதிரியாக இருந்தால், மேலே உள்ள கனத்த அடுக்கு எந்த நேரமும் வழுக்கலாம். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இது அதிகம். புதுப்பனியின் கனம், வெயில், நிலநடுக்கம் ஆகியவற்றில் ஒன்று போதும். சில வேளைகளில் ஒரு மனிதர் கால் வைப்பதே போதும். திரைப்படங்களில் வருவதுபோல் சத்தம் போட்டால் பனி சரியும் என்பது உண்மையல்ல. உலர்ந்த பனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைக்கூட எட்டும்.

மலேசியர்களுக்கு எவரெஸ்ட் அந்நியமல்ல. 1997 மே 23-ஆம் நாள் அதன் உச்சியை முதன்முதலாக எட்டிய மலேசியர்களான எம். மகேந்திரனும் என். மோகனதாஸும் தமிழர்கள். அவர்கள் கடந்து சென்ற கும்பு பனியாற்றுப் பகுதியில், 2014 ஏப்ரல் 18-ஆம் நாள் பெரும் பனிப்பாறை உடைந்து விழுந்தது. மலையேறிகளுக்காக உழைத்த 16 நேப்பாளியர்கள் மாண்டனர். மலையை நன்கு அறிந்தவர்களுக்கே இந்தக் கதி. மறு ஆண்டு, ஏப்ரல் 25-ஆம் நாள், நிலநடுக்கத்தால் சரிந்த பனி அடிவார முகாமையே தாக்கியது. தொலைவில் தெரிந்த வெண்மேகம் சில விநாடிகளில் வந்து சேர்ந்தது. அதன் காற்றே கூடாரங்களைத் தூக்கி எறிந்தது. 15-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

பனிக்குள் புதைந்தவருக்கு என்ன நேர்கிறது? ஓடும்போது மாவுபோல் இருக்கும் பனி, நின்றதும் சிமெண்டுபோல் இறுகிவிடுகிறது. விரலைக்கூட அசைக்க முடியாது. விட்ட மூச்சுக்காற்றையே மீண்டும் இழுக்க வேண்டிய நிலை. பத்து நிமிடத்திற்குள் தோண்டி எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால், ஏறக்குறைய மூவரில் ஒருவர்தான். வெளியிலிருந்து மீட்புப் படை வந்து சேர்வதற்குள் இந்த நேரம் கடந்துவிடும். ஆகவே, உடன் செல்பவர்களே மீட்புப் படை. இருப்பிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி ஆகிய மூன்றும் பனிச்சரிவு அபாயமுள்ள மலைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

விதிவிலக்கு உண்டு. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள் சியாச்சினில், ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில், பத்து ராணுவ வீரர்கள் பனிக்குள் புதைந்தனர். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த நான்கு தமிழர்களும் அவர்களில் அடங்குவர். ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரர் மட்டும் ஆறாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார். நாடே பிரார்த்தனை செய்தது. ஆனால், பிப்ரவரி 11-ஆம் நாள் அவரும் மருத்துவமனையில் காலமானார்.

பனியே இல்லாத நாட்டில் இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பனிக்குப் பதில் இங்கே மண் சரிகிறது. 1993 டிசம்பர் 11-இல் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் மாண்டனர். 2022 டிசம்பர் 16-ஆம் நாள் பத்தாங் காலி முகாமில், விடுமுறைக்குச் சென்று கூடாரத்தில் உறங்கியவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்தனர். பனியோ மண்ணோ, சாய்ந்த நிலமும் தாங்க முடியாத பாரமும் சேர்ந்தால் விளைவு ஒன்றுதான்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு முகாமுக்குச் செல்லும் பெற்றோர், கூடாரம் அடிப்பதற்கு முன் மேலே உள்ள சரிவை ஒருமுறை பார்க்க வேண்டும். முந்திய நாள்களில் மழை பெய்ததா என்று கேட்க வேண்டும். ஐயம் எழுந்தால் இடத்தை மாற்ற வேண்டும். மலையின் அழகை எட்ட நின்றும் ரசிக்கலாம்.