உங்களுக்குத் தெரியுமா? இது கல் அல்ல, செடி!

தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் சரளை மண்டிய வறண்ட நிலங்களில், காலடியில் இருந்தும் கண்ணில் படாத செடி லித்தாப்ஸ். 1811இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவர ஆய்வாளர், விநோதமான கூழாங்கல் என்று நினைத்துத்தான் இதைக் கையில் எடுத்தார்.

தரைக்கு மேல் தெரிவது இரண்டு தடித்த இலைகளின் தட்டையான உச்சி மட்டுமே. பெரும்பாலான வகைகளில் அது ஓர் அங்குல அளவுதான். உடம்பு மண்ணுக்குள். அப்படியானால் வெயில்? உச்சியைக் கூர்ந்து பாருங்கள், அடர்நிறத் திட்டுகள் தெரியும். ஒளி ஊடுருவும் சன்னல்கள் அவை. அவற்றின் வழியே வெயில் உள்ளிறங்க, மண்ணுக்கடியில் பச்சையம் உணவு தயாரிக்கிறது. வறட்சியில் உடம்பை வெயிலுக்குக் காட்டாமலே பிழைக்க இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேறில்லை!

ஆண்டுதோறும் நடுப்பிளவிலிருந்து புது ஜோடி இலை கிளம்பும். பழைய இலைகளில் சேமித்த நீரை உறிஞ்சியே அது வளரும். பழையவை காகிதமாகச் சுருங்கிவிடும். வளர்ப்பவர்கள் கோட்டைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றினால் பழைய இலை வற்றாது, செடி அழுகவும் கூடும். சுருங்கி முடியும்வரை சும்மா விடுங்கள்.

ஆழமான தொட்டி, பெருமணலும் பொடிக்கல்லும் தாராளமாகக் கலந்த மண், மழை படாத வெளிச்சமான இடம் போதும். மண் முழுக்கக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர்.

இயற்கை வாழிடங்களிலிருந்து இத்தகைய செடிகளைத் திருடி விற்பது தென்னாப்பிரிக்காவில் பெரிய பிரச்சினை. விதையிலிருந்து நர்சரியில் வளர்த்த செடியை மட்டுமே கேட்டு வாங்குங்கள்.