ஆசை கூடும், ஆனந்தம் கூடுமா?
இசைத்தட்டும் வீட்டுக் கஞ்சாவும் சேரும்போது உடலுக்கு என்ன ஆகிறது

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவது குற்றமில்லை. அந்நாட்டின் பெரும்பாலான மாகாணங்களில் ஒரு வீட்டில் 4 செடிகள் வரை வளர்த்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்து, பெரியவர் ஒருவருக்கு 6 செடிகள் என்று அனுமதித்தார்கள். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் ஒருவருக்கு 3 செடிகள். இந்த ஊர்களில் தக்காளித் தொட்டிக்குப் பக்கத்தில் கஞ்சாத் தொட்டி இருப்பது இன்று அதிசயமில்லை.

அறுவடை முடிந்து பூவை உலர்த்தியதும் பலர் முதலில் தேடுவது பழைய ராக் இசைத்தட்டுகளைத்தான். சோபாவில் சாய்ந்து, விளக்கைத் தணித்து, தட்டைச் சுழலவிட்டுப் புகைப்பது அவர்களுக்கு ஒரு மாலைப் பழக்கம். "புகைத்தால்தான் பாட்டு முழுசாகக் காதில் விழுகிறது" என்று சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை மூளை ஆய்வு எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறது? இந்தப் பழக்கத்துக்கு உடல் என்ன விலை கொடுக்கிறது?

தட்டு பழையது, செடி பழையதல்ல

1964 ஆகஸ்ட் 28 இரவு, நியூயார்க்கின் டெல்மோனிகோ ஓட்டலில் பாடகர் பாப் டிலன், பீட்டில்ஸ் குழு இளைஞர்களுக்குக் கஞ்சாவை அறிமுகப்படுத்தினார். ராக் வரலாற்றில் பலமுறை சொல்லப்பட்ட சந்திப்பு அது. 1967-இல் பீட்டில்ஸின் 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்', 1973-இல் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' என்று, தனித்தனிப் பாட்டாக இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டிய ஆல்பங்கள் வந்தன. பிங்க் ஃபிளாய்டின் அந்த ஆல்பம் மொத்தம் சுமார் 43 நிமிடம். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பிப் போட வேண்டும். புத்தகம்போல் விரியும் அட்டையின் மேல் வைத்தே இலையையும் விதையையும் பிரித்தது ஒரு தலைமுறை.

அன்று இருபது வயதில் கேட்டவர்களுக்கு இன்று எழுபதுக்கு மேல் ஆகிறது. அவர்களின் இதயமும் நுரையீரலும் பழையபடி இல்லை. செடியும் பழையபடி இல்லை. போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி., அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் 1995-இல் சராசரியாகச் சுமார் 4% இருந்தது; 2014-இல் சுமார் 12% ஆகிவிட்டது. "காலேஜ் நாளில் இழுத்ததுதானே" என்று அதே அளவு இழுக்கும் பெரியவர், அன்றைவிடப் பல மடங்கு டி.எச்.சி.யை உடலுக்குள் அனுப்புகிறார்.

மூளையில் ஆனந்தம்

பிடித்த பாட்டில் ஓர் இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மயிர்க்கூச்செறிகிறதே, அப்போது மூளையில் டோபமின் சுரக்கிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் இதை மூளைப் படங்கள் வழியே காட்டினார்கள். அந்த இடத்துக்காகக் காத்திருக்கும்போது மூளையின் ஒரு பகுதியிலும், அது வந்து நிறையும்போது இன்னொரு பகுதியிலும் டோபமின் வெளிப்பட்டது. அந்தச் சோதனையில் இசை கேட்டவர்கள் யாருக்கும் கஞ்சா தரப்படவில்லை. வெறும் இசையே அதைச் செய்தது.

கஞ்சாவிலிருந்து டி.எச்.சி.யை இஸ்ரேல் விஞ்ஞானி ரபேல் மெக்கூலமும் அவரது சகாவும் பிரித்தெடுத்தது 1964-இல். அது ஏன் மூளையில் போய் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு விடை கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. நம் உடலே அதைப்போன்ற ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதற்கென்று மூளை செல்களில் பூட்டுகள் இருக்கின்றன. 1992-இல் மெக்கூலமின் குழு அந்த உள்ளூர்ச் சரக்கைக் கண்டுபிடித்து, 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தது. ஆனந்தமைடு தேவைப்படும்போது சிறிதளவு சுரந்து, வேலை முடிந்ததும் கரைந்துவிடும். டி.எச்.சி. அதே பூட்டைத் திறந்துகொண்டு நீண்ட நேரம் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. நேரம் நீள்வதுபோலத் தோன்றுவதும், சற்றுமுன் கேட்டது மறந்துபோவதும் அதன் விளைவுகள்.

லண்டன் ஆய்வு சொன்னது

இசையும் கஞ்சாவும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்து 2018-இல் வெளியிட்டார்கள். 16 பேர் கஞ்சா ஆவியை உள்ளிழுத்துவிட்டு, ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி இசை கேட்டார்கள். ஒரு நாள் டி.எச்.சி. மட்டும் உள்ள வகை, ஒரு நாள் கஞ்சாவின் இன்னொரு வேதிப்பொருளான சி.பி.டி.யும் கலந்த வகை, ஒரு நாள் போதையே இல்லாத போலி ஆவி.

இரண்டு வகைக் கஞ்சாவிலும் இசை கேட்கும் ஆசை கூடியது. ஒலி துல்லியமாகக் கேட்பதுபோன்ற உணர்வும் கூடியது. ஆனால் டி.எச்.சி. மட்டும் உள்ள வகையை இழுத்தபோது, ஒலியை உணரும் பகுதியும் இன்பத்தை உணரும் பகுதியும் இசைக்குக் காட்டிய எதிர்வினை மங்கிப்போனது. சி.பி.டி. கலந்த வகையில் அந்த மங்கல் பெரிதாகத் தெரியவில்லை.

16 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வு இது. இதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. ஆனாலும் "இன்னும் ஒரு பாட்டு, இன்னும் ஒரு இழுப்பு" என்று கை நீள்வதை வைத்து ஆனந்தம் கூடிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது என்பதை இது உணர்த்துகிறது. ஆசை வேறு, ஆனந்தம் வேறு.

வீட்டில் வளர்த்தால் நல்லதா?

"கடைச்சரக்கு இல்லை, என் கையால் தண்ணீர் ஊற்றியது" என்ற பெருமை புரிகிறது. தெருவில் வாங்குவதில் உள்ள கலப்பட ஆபத்து இதில் குறைவு என்பதும் உண்மை. ஆனால் உரிமம் பெற்ற கடையில் விற்கும் பொட்டலத்தில் டி.எச்.சி. அளவு அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுப் பூவில் அது 8 சதவீதமா 22 சதவீதமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது ஆபத்து பூஞ்சை. சரியாகக் காயாத பூவில் அஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் வளரும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும், அது நுரையீரலில் உயிருக்கே ஆபத்தான தொற்றாக மாறலாம். செடிக்கு அடித்த பூச்சிமருந்தும் புகையோடு உள்ளே போகும்.

நுரையீரலும் இதயமும்

எரிவது புகையிலையானாலும் கஞ்சாவானாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வெளிவரும். கஞ்சா புகைப்பவர்கள் ஆழமாக இழுத்து மூச்சை அடக்குவதால் நுரையீரலில் தங்கும் தார் கூடுகிறது; போதையோ அதனால் அதிகமாவதில்லை. நெடுநாள் புகைப்பவர்களுக்கு விடாத இருமல், சளி, மூச்சிரைப்பு வரும். கஞ்சாப் புகையால் மட்டும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பது உறுதியாக நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பலரும் செய்வதுபோல் புகையிலை கலந்து சுருட்டினால், சிகரெட்டின் எல்லாத் தீமையும் கூடவே வரும்.

புகைத்த சில நிமிடங்களில் நாடித்துடிப்பு கிடுகிடுவென ஏறும். மாரடைப்பு வந்தவர்களிடம் நடத்தி 2001-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கஞ்சா புகைத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு வழக்கத்தைவிட ஏறத்தாழ 5 மடங்கு இருந்தது. பழைய தட்டுகளோடு பழைய பழக்கத்துக்கும் திரும்பும் எழுபது வயதினர் இதை மனதில் வைக்க வேண்டும்.

மனதுக்கு வரும் கேடு

ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வின்படி, கஞ்சாவே பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால், தினமும் பயன்படுத்துபவர்களுக்கு உண்மையையும் மாயையையும் பிரித்தறிய முடியாத தீவிர மனநோய் வரும் வாய்ப்பு 3 மடங்கு. அதிலும் 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ளதைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறத்தாழ 5 மடங்கு.

கஞ்சாவுக்கு யாரும் அடிமையாவதில்லை என்பது தவறான பேச்சு. பயன்படுத்துபவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அடிமையாகிறார் என்பது பழைய கணக்கு; பதின்ம வயதில் தொடங்கினால் ஆறில் ஒருவர். நிறுத்தினால் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, கெட்ட கனவுகள் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். புகையில்லாமல் ஒரு ஆல்பத்தைக் கேட்கவே பிடிக்கவில்லை என்றால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காதுக்கும் ஒரு அளவு உண்டு

ஒலி துல்லியமாகத் தோன்றி, நேரமும் ஓடாததுபோலத் தோன்றும்போது, சத்தத்தைக் கூட்டிவைத்து மணிக்கணக்கில் கேட்கத் தோன்றும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். உள்காதின் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைக்காது. 'தி ஹூ' குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், இரைந்த இசையால் தன் செவி பாதிக்கப்பட்டதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

யார் தொடவே கூடாது?

- 25 வயது நிரம்பாதவர்கள். அதுவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது.
- கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள்.
- தனக்கோ குடும்பத்தில் யாருக்கோ மனச்சிதைவு போன்ற மனநோய் இருந்தவர்கள்.
- இதய நோய், ஆஸ்துமா, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்கள்.

சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு

- மதுவோடு சேர்க்காதீர்கள். மூச்சை அடக்காதீர்கள்.
- புகைத்த பின் குறைந்தது 6 மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள்.
- குழந்தைகள் இருக்கும் அறையில் புகைக்காதீர்கள். பூவையும் தின்பண்டமாகச் செய்ததையும் பூட்டி வையுங்கள்.
- தினசரிப் பழக்கமாக்காதீர்கள்.
- அடிக்கடி வாந்தி வந்து, வெந்நீரில் குளித்தால் மட்டும் தணிந்தால், அது கஞ்சாவால் வரும் கோளாறாக இருக்கலாம். மருத்துவரிடம் பழக்கத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்தியாவில் நிலைமை வேறு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை கிடைக்கலாம். பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் 14446 என்ற தேசிய உதவி எண்ணையும், மன உளைச்சலுக்கு 14416 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

ஒரே ஒரு மாலை

டெல்மோனிகோ ஓட்டலில் அந்த இரவு இருந்த பீட்டில்ஸ் கலைஞர் பால் மெக்கார்ட்னி பல்லாண்டு கஞ்சா புகைத்தவர். அதற்காக 1980-இல் ஜப்பானில் 9 நாள் காவலிலும் இருந்தார். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தவறான முன்மாதிரியாக இருக்கக் கூடாது என்று அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டதாக 2015-இல் சொன்னார். இசையை அவர் விடவில்லை.

உங்களுக்கு மிகப் பிடித்த ஆல்பத்தை எடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டு, சத்தத்தை அளவாக வைத்து, தெளிந்த தலையோடு இரண்டு பக்கமும் கேளுங்கள். மறுநாள் காலை எந்த இடத்தில் டிரம்ஸ் நின்றது, எந்த இடத்தில் குரல் நடுங்கியது என்று நினைவிருக்கும். அந்த ஆல்பத்துக்கு வேண்டிய ஆனந்தம் உங்கள் மூளையிலேயே சுரக்கிறது. அதற்குப் புகை தேவையில்லை.