லயன் வீடுகளில் விறகையும் வெப்பத்தையும் சேமித்தல்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளில் அங்கு உறைபனி விழுந்து உருளைக்கிழங்குப் பயிரைக் கருக்கிவிடும். பனியிலிருந்து பயிரைக் காக்கும் முறைகளைக் கமக்காரர் நன்கறிவர். அதே குளிரிலிருந்து வீட்டைக் காப்பதில் பலர் கவனம் செலுத்துவதில்லை.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களில் காய்கறி பயிரிடுவோர் பலர் இன்றும் ஆங்கிலேயர் காலத்து லயன்களிலேயே வாழ்கின்றனர். ஒரு காம்பரா பெரும்பாலும் 10 அடி அகலமும் 12 அடி நீளமுமே உடையது. அடுப்பின் வெப்பம் தகரக் கூரை வழியே வெளியேற, புகை மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. வெப்பம் உள்ளே நிற்கவும் புகை வெளியே போகவும் வகை செய்தல் வேண்டும்.

லயன் பெரும்பாலும் தோட்டத்துக்குரியது. சுவரையோ கூரையையோ மாற்றுவதற்கு நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அடுப்பையும் விறகையும் திருத்துவது குடும்பத்தின் கையிலேயே உள்ளது. ஆகவே அங்கிருந்து தொடங்குதல் நன்று.

அடுப்பு

மூன்று கல் அடுப்பில் சுவாலை நாற்புறமும் சிதறுவதால், வெப்பத்தின் பெரும்பகுதி பானையைச் சேராமல் வீணாகிறது. இக்குறையைப் போக்க 1980களில் இலங்கை மின்சார சபையின் திட்டமொன்றின் கீழ் ‘அனகி’ என்னும் சுட்ட மண் அடுப்பு உருவாக்கப்பட்டது. இதற்கு விறகு வைக்கும் வாய் ஒன்று. பானை வைக்கும் இடம் இரண்டு. முதற் பானையைக் கடந்து செல்லும் சூடு இரண்டாம் பானையைக் காய்ச்சும். சோறு வேகும் தீயிலேயே கறியும் ஆகிவிடும். விறகில் ஏறக்குறைய 30 சதவீதம் மீதமாகுமெனக் கணிக்கப்பட்டுள்ளது.

அடுப்பை அப்படியே வைத்து எரித்தல் கூடாது. களிமண்ணுடன் நெல் உமியைப் பிசைந்து, சுற்றிலும் கனமாக அணைத்துப் பூசி, நன்கு உலர்ந்தபின் தீ மூட்டவேண்டும். அணைப்பு வெப்பத்தைக் காப்பதோடு அடுப்பு வெடிக்காமலும் காக்கும்.

விறகு

பச்சை விறகின் நிறையில் ஏறக்குறைய பாதி நீரேயாகும். அந்நீரை ஆவியாக்குவதிலேயே தீயின் பலம் செலவாகிறது, புகையும் மிகுகிறது. கவ்வாத்து மிலாறையும் கிரவிலியாக் கிளைகளையும் மழைக்காலத்துக்கு முன்பே சேர்த்து, பெரியவற்றைப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமான கொட்டிலில் அடுக்குதல் வேண்டும். பானையை மூடிச் சமைப்பதும், கடலை, பயறு முதலியவற்றை முதல்நாளே ஊறவைப்பதும் செலவில்லாத சிக்கனங்களாகும்.

கூரையும் சுவரும்

இரவில் தகரம் விரைவாகக் குளிர்ந்து, அதன் அடிப்புறத்தில் நீர் வியர்க்கும். அனுமதி பெற்று, படுக்கும் அறையில் தகரத்துக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டுப் பலகைத் தட்டு அமைத்தால், இடையில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். கதவடியிலும் சுவர் வெடிப்பிலும் உள்ள இடுக்குகளை அடைக்கலாம். அடுப்புக்கு மேல் மட்டும் எரியக்கூடிய தட்டு எதுவும் கூடாது.

எச்சரிக்கை

குளிரை அஞ்சிச் சமையலறையின் காற்றுவழியை அடைத்தல் பெருந்தவறு. கூரை முகட்டுக்கு மேல் எழும் புகைபோக்கி அமைப்பது சிறந்தது. இயலாவிடின் அடுப்புக்கு அருகே உயரத்தில் ஒரு திறப்பாவது இருக்கவேண்டும். விறகுப் புகை தாயின் கண்ணையும் குழந்தையின் நுரையீரலையும் கெடுக்கும். தணற் சட்டியை மூடிய அறைக்குள் வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்து. தணலிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் அறியாமலே மடிவர்.

சாம்பல்

விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. கோவா, பீற்றூட் பாத்திகளுக்கு அதனைச் சிறிதளவு தூவலாம். தேயிலைக்கு அமிலத் தன்மையுள்ள மண்ணே உகந்தது. உருளைக்கிழங்குக்குச் சாம்பல் சொறிநோயை மிகுவிக்கும். அவ்விரண்டுக்கும் இடுதல் ஆகாது.

2022ஆம் ஆண்டில் சமையல் எரிவாயு கிடையாதபோது, நகரத்தாரும் விறகையே நாடினர். தோட்டத்துக் குடும்பங்களுக்கோ விறகே என்றும் துணை. ஒவ்வொரு கட்டு விறகும் பெண் ஒருத்தி சரிவில் தலைமேற் சுமந்து வருவதாகும். மூன்று கட்டுக்கு இரண்டே போதுமானால் அவளது சுமை குறையும். மலைச்சரிவின் மண்ணைப் பிடித்து நிற்கும் மரங்களும் பிழைக்கும். அம்மண் கரைந்தால் மேட்டுத் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியும் கீழே பள்ளத்து வயலும் ஒருங்கே கெடும் என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.