பாஸ்போர்ட் இல்லாத பயணி!



வெளிநாட்டுக்கு விடுமுறைக்குப் போவது என்றால் கொண்டாட்டம்தான். ஆனால், திரும்பி வரும் பயணம்? சிங்கப்பூரிலோ, துபாயிலோ இருக்கும் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்த நண்பர்கள் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெட்டி எடை கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் பாதி சாமானை வெளியே எடுத்தது, நடுராத்திரி வரிசையில் நின்றபடியே தூங்கி வழிந்தது, விமானம் இறங்கிய பிறகும் பஸ் பிடித்து ஊர் வந்தது... கதை கதையாகச் சொல்வார்கள்.

இதைவிடக் கஷ்டமான வான்வழிப் பயணத்தைப் பெட்டி இல்லாமல், டிக்கெட் இல்லாமல், பாஸ்போர்ட்டும் இல்லாமல் ஒருவர் ஆண்டுதோறும் செய்கிறார். செப்டம்பர் வாக்கில் கொடைக்கானலுக்கு வருவார். ஏப்ரலில் ஊருக்குக் கிளம்பிவிடுவார். எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 18 கிராம்! இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

யார் அவர்? சாம்பல் வாலாட்டி என்ற குருவிதான்!

ஓடைக்கரை விருந்தாளி

முதுகு சாம்பல் நிறம். வயிற்றுப் பக்கம் மஞ்சள். நீளமான வால். அந்த வால் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். பழனி மலையில் நீர் ஓடும் இடங்களில், பாறைக்குப் பாறை தாவி, பூச்சி பிடித்துத் தின்னும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் பஸ் நின்றால், குரங்குகளை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். ஈரப் பாறைகளின் மேலும் ஒரு பார்வை பாருங்கள்.

இதன் சொந்த ஊர் இமயமலை, மத்திய ஆசியா, சைபீரியா போன்ற வடக்குப் பகுதிகள். கூடு கட்டுவதும், முட்டையிடுவதும், குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். குளிர்காலத்தில் அங்கே ஓடைகள் உறைந்துபோகும். பூச்சிகள் கிடைக்காது. அதனால்தான் தெற்கே வருகிறது.

எவ்வளவு தூரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நம் குருவி காஷ்மீர்க்காரர் என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் இருப்பது ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சரேகையில். ஸ்ரீநகர் இருப்பது 34 டிகிரியில். வித்தியாசம் 24 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். 24 x 111 = 2,664. நேர்கோட்டில் பறந்தாலே இவ்வளவு தூரம்! சைபீரியா என்றால் இன்னும் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர்.

ஏன் திரும்பிப் போகணும்?

'கொடைக்கானலில் பூச்சி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. பேசாமல் இங்கேயே இருந்துவிடலாமே?' என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல கேள்வி!

கோடை பிறந்ததும் வடக்கே பனி உருகும். ஓடைகளில் பூச்சிகள் பெருகும். பகலும் நீளும். ஜூன் மாதத்தில் கொடைக்கானலில் பகல் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். காஷ்மீரிலோ 14 மணி நேரத்துக்கும் மேல். வாயைத் திறந்து காத்திருக்கும் குஞ்சுகளுக்கு இரை தேட, தினமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. குஞ்சுகளுக்காகத்தான் இத்தனை பாடும்!

எல்லாப் பறவைகளும் இப்படிப் போவதில்லை. பழனிச் சிரிப்பான் என்ற பறவை பழனி மலையிலும், அதை ஒட்டிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியிலும் மட்டுமே வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லை. ஆண்டு முழுவதும் மலையை விட்டு அது இறங்குவதே இல்லை. ஊரை விட்டு நகராத பாட்டியும், ஊர் ஊராகச் சுற்றும் பேத்தியும் ஒரே வீட்டில் இருப்பது போல, பழனி மலையில் இரண்டு வகைப் பறவைகளும் இருக்கின்றன.

பயணத்துக்கு ரெடி!

புறப்படும் முன் நாம் புதுச் சட்டை போடுவோம் அல்லவா? வாலாட்டியும் பழைய இறகுகளை உதிர்த்துப் புது இறகு போட்டுக்கொள்ளும். ஆண் குருவியின் தொண்டை கறுப்பாக மாறும். மார்ச், ஏப்ரலில் கறுத்த தொண்டையோடு ஒன்றைப் பார்த்தால், 'ஓகோ, ஊருக்குக் கிளம்புகிறார்' என்று புரிந்துகொள்ளுங்கள்.

கட்டுச்சோறு? அதுவும் உண்டு! நீண்ட பயணம் போகும் பறவைகள் புறப்படும் முன் வயிறு புடைக்கத் தின்று, தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் வழிக்கு எரிபொருள். தீரத் தீர, இடையில் இறங்கித் தின்று, களைப்பாறி, மறுபடியும் பறக்கும்.

வழி எப்படித் தெரியும்? சூரியன், நட்சத்திரங்கள், பூமியின் காந்தப்புலம் ஆகிய மூன்றையும் பறவைகள் பயன்படுத்துகின்றன என்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். 1960-களில் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீபன் எம்லன், இரவில் பயணம் செய்யும் குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்துச் சோதித்தார். செயற்கை வானத்தைத் திருப்பி வைத்ததும், குருவிகளும் திசையை மாற்றிக்கொண்டன!

2022-ஆம் ஆண்டு இன்னோர் அதிசயம் நடந்தது. பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை, அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்கும் இறங்காமல் பறந்தது. தூரம் 13,560 கிலோமீட்டர். அதற்கு அப்போது வயது வெறும் ஐந்து மாதம்!

அட்டைப் பெட்டியில் ஒரு பயணி

நான் ஆசிரியையாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மலையடிவாரத்துப் பள்ளி. ஏப்ரல் மாதம், முழு ஆண்டுத் தேர்வு நேரம். காலையில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஓடி வந்தாள். அவள் கைக்குட்டையில் பச்சை, நீலம், சிவப்பு என்று பல நிறத்தில் ஒரு பறவை. ஆறுமணிக்குருவி! காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் நம் ஊரில் அந்தப் பெயர். குளிர்காலத்தை நம் பக்கம் கழித்துவிட்டு, வட இந்திய, மத்திய இந்தியக் காடுகளுக்குத் திரும்பும் பறவை அது. இரவில் பறக்கும். வகுப்பறை ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்திருந்தது.

ஒரு பையன் அதன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான். "வேண்டாம்ப்பா, மூச்சுக்குழலுக்குள் போய்விடும்" என்று தடுத்தேன். செருப்பு வந்த அட்டைப் பெட்டியில் துளை போட்டு, அதை உள்ளே வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்தோம். அன்று யாருக்கும் பரீட்சை மேல் கண்ணில்லை!

மாலையில் வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்தோம். கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தது. பிறகு, விர்ரென்று பறந்துபோய்ப் புதரில் மறைந்தது.

அந்த மாணவி கேட்டாள்: "டீச்சர், இதோட அம்மா இதைத் தேடிக்கிட்டு இருப்பாங்களா?"

"இல்லடா கண்ணு, இதுவே ஊருக்குப் போய் இனிமேல்தான் அம்மாவாகப் போகுது" என்றேன்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, எல்லாக் கண்ணாடிகளிலும் காகிதப் பட்டைகளை நெருக்கமாக ஒட்டினார்கள் பிள்ளைகள். நான் சொல்லிக் கொடுத்து அல்ல, அவர்களாகவே!

விருந்தாளியா? வீட்டுக்காரரா?

மறுபடியும் நம் வாலாட்டிக்கு வருவோம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே. மீதி நாட்கள்தான் அங்கே. அப்படியானால் ஆண்டில் பாதிக்கு மேல் நம்மோடுதானே இருக்கிறது? நாம்தான் 'விருந்தாளி' என்கிறோம். அதற்கு இதுவும் வீடுதான்!

கொடைக்கானல் ஓடையில் ஷாம்பு பாக்கெட்டும் சோப்பு நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் சேர்ந்தால் நீர்ப்பூச்சிகள் சாகும். பூச்சி இல்லையேல் கொழுப்பு இல்லை. கொழுப்பு இல்லையேல் பயணம் இல்லை. இங்கே ஓடை கெட்டால், எங்கோ தொலைவில் ஒரு கூடு காலியாகும். சுற்றுலா போகும்போது குப்பையை உங்கள் பையிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். ஊருக்குப் போகும் ஒருவருக்கு நாம் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோறு அது!

செய்து பாருங்கள்!

* இரவில் வடக்கு அடிவானம் மறைக்காத இடத்தில் நின்று, கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடியுங்கள். ஒரு முஷ்டியின் உயரம் சுமார் 10 டிகிரி. நம் பக்கத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து அந்த அளவு உயரத்தில்தான் இருக்கும். காஷ்மீரில் மூன்றரை முஷ்டி உயரத்தில் இருக்கும்!

* ஒரு நோட்டுப் போடுங்கள. வாலாட்டியை முதலில் பார்த்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி இரண்டையும் ஆண்டுதோறும் எழுதி வாருங்கள்.

* பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டில் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பெரியவர்களோடு சேர்ந்து நீங்களும் எண்ணலாம்.

அடுத்த செப்டம்பரில் ஓடைக்கரைப் பாறையில் ஒரு வால் ஆடினால், "வாங்க, வாங்க! பயணம் எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்க மறக்காதீர்கள்!