நாவலர் கண்ட எருசலேம்

'கிறிஸ்து' என்பது பெயரன்று, பட்டம். அபிஷேகஞ் செய்யப்பட்டவர் என்பது பொருள். யூதரின் 'மேசியா' கிரேக்கத்தில் அவ்வாறாயிற்று. கல்முனையில் என்னிடம் தமிழ் கற்ற முஸ்லிம் மாணவர்க்கு அச்சொல் புதிதன்று. ஈஸா நபியை அவர்கள் 'அல்மஸீஹ்' என்றே அறிவர்.

தாவீதின் வழியில் ஓர் அரசர் தோன்றுவாரென யூதர் பலர் காத்திருந்தனர். சிலுவையில் மாண்டவரே அவர் என்றனர் ஆதிச் சீடர். ஆயினும் எருசலேம் ஆலயத்தில் வழிபடுவதை அவர்கள் விட்டுவிடவில்லை.

இந்த உறவைக் கூர்ந்து கண்டவர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவரல்லவா! யாழ்ப்பாணத்து மிஷனரிமார் சைவக் கிரியைகளை ஏளனஞ் செய்தபோது, 1854இல் 'சைவதூஷணபரிகாரம்' எழுதினார். தூபம், தீபம், பலியென யூத ஆலயத்தில் நடந்தவற்றை அவர்களுடைய வேதத்திலிருந்தே எடுத்துக்காட்டினார்.

அவையெல்லாம் வரவிருந்தவரின் நிழல், அவர் வந்தபின் முடிந்தன என்பது கிறிஸ்தவர் கொள்கை. புதிய ஏற்பாட்டில் எபிரேயர்க்கு எழுதிய நிருபம் அதையே விரிக்கிறது. கொள்கையளவில் அது பொருந்தலாம். ஆனால், முன்பு கடவுளே விதித்த கிரியைகள் என்று ஒப்புக்கொண்டவர், புகையையும் விளக்கையும் மூடத்தனமென்று நகைப்பதெப்படி? நாவலர் பிடித்த இடம் அதுதான். நிழலென்ற விளக்கம் கிரியைகள் ஏன் நின்றன என்பதற்கு விடை, நகைப்புக்கு விடையன்று.